தொப்பி தைப்பது சுலபம், கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை: கூட வேலை செய்பவர்கள் சேர்ந்து வெளிநாட்டுத் தொண்டுக்குக் கைவேலைப் பொருள் அனுப்ப முழு வழிகாட்டி

திருப்பூரில் துணிக்கும் பஞ்சமில்லை, தைக்கத் தெரிந்த கைக்கும் பஞ்சமில்லை. ஒரு கம்பெனியில் பத்துப் பேர் மனசு வைத்தால் ஆயிரம் குழந்தைத் தொப்பி என்பது பெரிய விஷயமே இல்லை. அதனால்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர் "வெளிநாட்டில் கஷ்டப்படுகிறவர்களுக்கு நாமும் ஏதாவது செய்து அனுப்பலாமுங்க" என்று பேச்செடுத்தால், மறுநாளே கட்டிங் டேபிளில் துணியை விரித்துவிடுகிறோம்.

நம் தொழில் நமக்குப் பழக்கிவிட்டது எப்ஓபி கணக்கு. சரக்கைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது, மற்றதைச் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் பார்த்துக்கொள்வார். தானத்தில் அந்தப் பக்கம் பையர் கிடையாது. ஒரு வார்டு நர்ஸோ, நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன அறக்கட்டளையோதான் இருக்கும். பெட்டி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் நாள் வாடகை கட்டப்போவது அவர்கள். ஆகவே இந்த வேலையை அந்தக் கடைசி முனையிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட வேண்டும். கீழே சொல்லும் வரிசையும் அப்படித்தான் இருக்கும். தையல் ஐந்தாவது இடத்தில்தான் வருகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒன்றை வைத்துக்கொள்கிறேன்: பனியன் கம்பெனி ஒன்றின் ஆட்கள் சேர்ந்து, இலங்கை மலையகத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்பி தைத்து அனுப்புவது. ஈரோட்டில் துண்டு, போர்வைக்காரர்களுக்கும், கரூரில் வீட்டுத்துணிக்காரர்களுக்கும், கோவையில் ஐடி அலுவலகத்தில் குரோஷே பின்னுகிறவர்களுக்கும் படிகள் ஒன்றுதான்.

1. முதலில் வாங்கிக்கொள்ள ஒரு ஆள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போய்வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாடு முழுக்க இருந்து லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. எல்லாம் இழந்த மீனவக் குடும்பங்கள்கூட அதைத் தொடவில்லை. அடுத்தவர் உடுத்திக் கழித்ததை உடுத்த அவர்களுக்கு மனமில்லை, அதில் தப்பும் இல்லை. அனுப்பியவர்களில் ஒருவர்கூட "உங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்கவில்லை.

யாரைக் கேட்பது? கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு மலையகத்தோடு ஒரு நேர்வழி உண்டு. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள் பலர் நீலகிரியில் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்கு அட்டன், நுவரெலியா பக்கம் இன்னும் சொந்தபந்தம் இருக்கிறது. உங்கள் கம்பெனியிலேயே கூடலூர், கோத்தகிரி ஊர்க்காரர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஊர்க்காரர் மூலம் கிடைக்கும் தொடர்பு, இணையத்தில் தேடிக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் உறுதியானது.

தொடர்பு கிடைத்ததும் போனில் பேசிச் சிரித்துவிட்டு வைத்துவிடக் கூடாது. அவர்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு ஏற்புக் கடிதம் வாங்குங்கள். அதில் என்ன பொருள், எந்த அளவு, எத்தனை வேண்டும்; அமைப்பு அந்த நாட்டு அரசில் பதிவானதா, பதிவு எண் என்ன; பெட்டி வந்தால் சுங்கத்தில் போய் எடுக்கப்போகிற ஆள் யார்; வரிவிலக்குக்கு யார் விண்ணப்பிப்பார்கள் — இவ்வளவும் இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற பொருள் என்றால் மேலிடத்து அனுமதி தேவைப்படும். அதை வாங்குவது பெறுகிறவர் வேலை, ஆனால் வாங்கியாச்சா என்று கேட்பது நம் வேலை. இந்தக் கடிதம் கைக்கு வராமல் கத்திரியை எடுக்காதீர்கள். ஒரு கடிதம் எழுதித் தர முடியாத அமைப்பால் சுங்கத்திலிருந்து பெட்டியை எடுக்கவும் முடியாது.

2. என்ன செய்வது, எதை விடுவது

அனுப்பத் தகுந்த பொருளுக்கு மூன்று லட்சணம்: எடை குறைவு, அங்கே கிடைப்பது கஷ்டம், நம் கைக்கு நன்றாக வருவது. பச்சைக் குழந்தைத் தொப்பி மூன்றிலும் தேறும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஏறக்குறைய நம் கோத்தகிரி உயரம், அதே குளிர். குறைமாதக் குழந்தைக்கு உடல் சூட்டைக் காப்பதே பாதி வைத்தியம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' முறையில், குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படச் சேர்த்துக் கட்டிவைப்பார்கள். குழந்தையின் உடம்பில் இருப்பது டயப்பரும் தலைத்தொப்பியும், கூடினால் காலுறையும்தான். உலக சுகாதார நிறுவனம் இன்று எடை குறைந்த குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கும் முறையும் இதுதான். அந்தத் தொப்பி காட்டன் பின்னல் துணியாக, தலையோடு ஒட்டி நிற்பதாக இருக்க வேண்டும். திருப்பூர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய் அணையாடை இரண்டாவது நல்ல தேர்வு. மலிவு விலை நாப்கின் இயந்திரத்தால் உலகம் அறிந்த அருணாசலம் முருகானந்தம் கோயம்புத்தூர்க்காரர்தான், 2016இல் பத்மஸ்ரீ வாங்கியவர். ஆகவே இந்தப் பேச்சைக் கம்பெனியில் எடுக்க இப்போது அவ்வளவு கூச்சப்பட வேண்டியதில்லை. துணி அடர்நிறமாக, பூப்போட்டதாக இருக்கட்டும். வெயிலில் கொடியில் காய்ந்தாலும் கறை தெரியாது, பார்ப்பவருக்கு என்னவென்றும் தெரியாது. கூடவே புது ஜட்டி வைக்காவிட்டால் பல பெண்களுக்கு இது பயன்படாது. கசியாத அடித்துணி கிடைக்காவிட்டால் இந்த வேலையைத் தொடாதீர்கள், ஒப்பேற்ற வேண்டாம்.

துணி பொம்மை செய்வதென்றால் கண்ணுக்கு பட்டன் வைக்கக் கூடாது, நூலால் எம்ப்ராய்டரி போடுங்கள். இலவம்பஞ்சு, விதை, ஓலை, தேங்காய்ச் சிரட்டை, மரம் இதெல்லாம் தாவரப் பொருள். பல நாட்டுச் சுங்கத்தில் தாவரத் தடுப்புக் காப்புப் பிரிவு நிறுத்திவிடும். சுத்தமான பாலியஸ்டர் பஞ்சு போதும்.

பழைய துணியை அடியோடு மறந்துவிடலாம். ருவாண்டா 2016இல் உபயோகித்த துணிக்கான வரியைக் கிலோவுக்கு 0.20 டாலரிலிருந்து 2.50 டாலராக ஏற்றியது, உள்ளூர்த் தையல் தொழிலைக் காப்பாற்றத்தான். பவுடர் பால், பால் பாட்டில் இரண்டும் கூடவே கூடாது. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்கள் பற்றிய 1981ஆம் ஆண்டு உலக சுகாதார நெறிமுறை இருப்பதே இதற்காகத்தான், எந்த நல்ல ஆஸ்பத்திரியும் வாங்காது. சோப்பு, நோட்டு, பென்சில் எல்லாம் எடை. அவர்கள் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும்.

3. முதலாளியிடம் என்ன கேட்பது

கட்டிங் வேஸ்ட் சும்மா கிடக்கிறதே என்று நினைக்கிறோம். அது கிலோ கணக்கில் விற்கிற சரக்கு. வேஸ்ட் வியாபாரிக்குப் போய் மறுபடியும் நூலாகிறது. ஆகவே அனுமதி இல்லாமல் ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. நான் சொல்வேன், வேஸ்டைவிட மீந்த ரோலைக் கேளுங்கள். ஆர்டர் முடிந்து இருபது முப்பது கிலோ மீந்து குடோனில் தூங்கும் துணி எல்லாக் கம்பெனியிலும் உண்டு. அதற்குச் சாய டெஸ்ட் ரிப்போர்ட் ஏற்கெனவே ஃபைலில் இருக்கும். பச்சைக் குழந்தை தலையில் படப்போகிற துணிக்கு அந்தக் காகிதம் முக்கியம்.

பையர் பெயர் அச்சிட்டது, கார்ட்டூன் பாத்திரம் அச்சிட்டது, பிராண்டு லேபிள் உள்ளது எதுவும் வேண்டாம். அந்த உரிமை நம்முடையது அல்ல, நம் முதலாளியுடையதும் அல்ல. பையருக்குத் தெரிந்தால் நல்ல காரியத்துக்குப் போன இடத்தில் ஆர்டர் போய்விடும்.

ஹெச்ஆரில் யாராவது "இதை சிஎஸ்ஆர் கணக்கில் காட்டிவிடலாம்" என்று உற்சாகப்படுவார். முடியாது. 2013 கம்பெனிச் சட்டப்படி சிஎஸ்ஆர் என்கிற சமூகப் பொறுப்புச் செலவு இந்தியாவுக்குள் நடக்க வேண்டும். தேசிய அளவில் மாநிலத்துக்காகவோ சர்வதேச அளவில் நாட்டுக்காகவோ ஆடும் நம் விளையாட்டு வீரர் பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. பொருளாகக் கொடுத்த தானத்துக்கு 80ஜி வரிச்சலுகையும் கிடையாது. இதை முதல் நாளே முதலாளியிடம் சொல்லிவிடுவது நல்லது, அப்புறம் மனஸ்தாபம் வராது.

4. ஆட்களும் நேரமும்

பீஸ் ரேட்டில் ஓட்டுகிற டெய்லருக்கு ஒரு மணி நேரம் என்பது சனிக்கிழமைச் சம்பளத்தில் அப்படியே தெரியும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவரை "இன்னும் அரை மணி உட்காருங்க அக்கா" என்று சூப்பர்வைசர் சொன்னால், அந்த அக்காவால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஆகவே சூப்பர்வைசரோ மேனேஜரோ ஆள் சேர்க்கவே கூடாது. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுங்கள், தமிழிலும் இந்தியிலும்; ஒடிசா, பீகார் ஆட்களிலும் கைவேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர். விருப்பம் உள்ளவர்கள் தாங்களே பெயர் எழுதட்டும். வராதவர்கள் பட்டியல் என்று ஒன்று இருக்கவே வேண்டாம்.

சும்மா தைக்கக் கூப்பிடுவதைவிட, வேலை நேரத்திலேயே ஒரு லைனை அரை நாள் கம்பெனி விட்டுக்கொடுத்துச் சம்பளமும் போட்டால் அதுதான் முதலாளியின் நிஜமான பங்கு. ஷிப்மெண்ட் நெருக்கடியிலும் ஊர் நோம்பி (திருவிழா) சமயத்திலும் தேதி வைக்காதீர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பிவந்து, வேலை சூடுபிடிக்கும் முன் ஒரு இடைவெளி கிடைக்கும். அது நல்ல நேரம்.

தைக்கத் தெரியாத அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசிங் ஆட்களுக்கும் வேலை இருக்கிறது. காகித வேலை முழுக்க அவர்களுடையது. டெய்லருக்கு உதவியாகக் கைமடி வேலை செய்கிற பெண்கள் பிசிறு வெட்டுவதில் கெட்டிக்காரர்கள். இந்தத் தொப்பிக்கு அவர்கள்தான் உயிர்நாடி, ஏன் என்று கீழே வருகிறது.

5. தொப்பி

துணி: நூறு சதவீதக் காட்டன் ரிப் அல்லது இன்டர்லாக் பின்னல், 180 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருண்டுகொள்ளும், தவிர்த்துவிடுங்கள்.

அளவு: நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்று பெரும்பாலும் 33 முதல் 36 செ.மீ. துணி இழுபடுவதால் தலையைவிடச் சற்றுக் குறைத்தே வெட்ட வேண்டும். இழுபடும் திசை தலையைச் சுற்றி வரும்படி 33 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு. குறைமாதத்துக்கு 27க்கு 17. இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு 38க்கு 23. இது என் கணக்கு. ஆஸ்பத்திரி கேட்ட அளவு வேறாக இருந்தால் அதையே வையுங்கள். பொதுவாக எல்லாரும் நடுத்தர அளவையே தைத்துக் குவிப்பார்கள், குறைமாத வார்டிலோ சின்னதுக்குத்தான் தட்டுப்பாடு இருக்கும். எந்த அளவு எத்தனை என்று கடிதத்தில் கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

தையல்: துண்டை அகலவாட்டில் பாதியாக மடித்து, மேல் முனையை வளைவாக வெட்டி, பக்கத்தையும் மேலையும் ஒரே ஓட்டமாக ஓவர்லாக் அடியுங்கள். கீழே நாலு செ.மீ. வெளிப்பக்கம் மடித்து ஃபிளாட்லாக். முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி போடுங்கள், இல்லாவிட்டால் பின்னல் கண் அறுந்து துவைத்ததும் ஓட்டை விழும். ஓவர்லாக் லூப்பருக்குச் சாதா நூலுக்குப் பதில் பஞ்சுபோல் உப்பிய உல்லி நூல் மாற்றினால் தையல் மெத்தென்று இருக்கும்.

குறைமாத அளவுக்கு மட்டும் தையல் மேடு வெளியே தெரியும்படி விட்டுவிடுங்கள். பார்க்கப் பின்பக்கம் திருப்பிப் போட்டது மாதிரி இருக்கும், செக்கிங் அக்கா முதல் பெட்டியையே திருப்பி அனுப்புவார். அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையின் தோல் அவ்வளவு மெல்லியது. உள்ளே இருக்கும் தையல் வரி நெற்றியில் பதியும். பிசிறும் அப்படித்தான். உள்ளே தொங்கும் ஒரு நீள நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். கைமடி பெண்கள் ஒவ்வொன்றையும் உள்ளே திருப்பிப் பார்த்து வெட்டியாக வேண்டும்.

குஞ்சம், ரிப்பன், பட்டன், மணி எதுவும் கிடையாது. லேபிளும் வேண்டாம். அளவு தெரிய நிறத்தைப் பயன்படுத்தலாம்: சின்னது மஞ்சள், நடுத்தரம் வெள்ளை, பெரியது பச்சை. இரவு டியூட்டியில் இருக்கும் நர்ஸுக்கு லேபிள் படிப்பதைவிட இது வசதி.

கையால் பின்ன விரும்புகிற குரோஷேக்காரர்கள் காட்டன் நூலில், நெருக்கமான பின்னலில் போடட்டும். பெரிய பெரிய கண் உள்ள பின்னலில் விரல் மாட்டும்.

6. செக்கிங்

வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் துணியை எப்படிப் பார்ப்போமோ அதைவிட ஒரு படி கூடவே பாருங்கள். 'தானம்தானே' என்ற நினைப்பு வந்துவிட்டால் கிரீஸ் கறைபட்டதெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். உங்கள் கம்பெனியில் நீடில் டிடெக்டர் இருந்தால் எல்லாத் தொப்பியையும் அதில் ஓட்டிவிடுங்கள். உடைந்த ஊசிமுனை ஒன்று உள்ளே போனால் நடப்பதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். வீட்டில் தைத்துக் கொண்டுவந்தவற்றுக்கும் இது உண்டு. கடைசியாக வாசனை இல்லாத சோப்பில் ஒரு வாஷ், நன்றாகக் காய்ந்த பிறகே மடிப்பு. ஈரம் துளி இருந்தாலும் கப்பலில் பூசணம் பிடிக்கும்.

7. பெட்டியும் காகிதமும்

200 ஜிஎஸ்எம்மில் ஒரு தொப்பி ஏறக்குறைய 12, 13 கிராம். ஆயிரம் தொப்பி 13 கிலோவுக்குள். 60க்கு 40க்கு 40 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்றில் அடங்கிவிடும். ஆனால் கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் 19.2 கிலோ, அதற்குத்தான் பில். அதனால் பாலித்தீன் பையில் காற்றை அமுக்கி எடுத்துச் சின்னப் பெட்டியில் கட்டுங்கள். அளவு வாரியாகப் பை, ஒவ்வொரு பையிலும் எண்ணிக்கை. பெட்டிக்குள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள். சிங்களத்தை அந்தப் பக்கத்து ஆளே எழுதி அனுப்பட்டும்.

இன்வாய்ஸில் 'இலவசப் பொருள், விற்பனைக்கு அல்ல' என்று எழுதலாம், ஆனால் மதிப்பைப் பூஜ்யம் என்று போடாதீர்கள். சுங்கத்துக்கு நியாயமான ஒரு மதிப்பு வேண்டும். இல்லையென்றால் அவர்களே ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள், அது நமக்குப் பிடிக்காது. பின்னல் தொப்பிக்கு ஹெச்எஸ் தலைப்பு (சுங்கத்தில் பொருளின் வகை எண்) 6505, அணையாடைக்கு 9619, பொம்மைக்கு 9503. பல வகையை ஒரே பெட்டியில் கலந்தால் பேக்கிங் லிஸ்டில் தனித்தனி வரி.

நம் வெளிநாட்டு வணிகக் கொள்கையில் ஒரு நிதியாண்டில் 5 லட்சம் ரூபாய் மதிப்புவரை அன்பளிப்பாக ஏற்றுமதி செய்யலாம், ஏற்றுமதிக்குத் தடையோ கட்டுப்பாடோ உள்ள பொருளாக இல்லாவிட்டால் சரி. கம்பெனி பெயரில் ஷிப்பிங் பில் (சுங்கத்துக்கான ஏற்றுமதி அறிவிப்பு) போட்டால் டாகுமெண்டேஷன் ஆளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: இது பணம் வராத ஏற்றுமதி. அன்பளிப்பு என்ற அறிவிப்பு சேராமல் போனால், பணம் வரவேண்டிய பில்லாக வங்கிக் கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும். ஏற்றுமதிக்குத் திருப்பித் தரும் வரியான டிராபேக் கேட்கவும் வேண்டாம்.

8. எந்த வழி

முதல் முறை கண்டிப்பாகத் தபால். நூறு தொப்பி ஒன்றரை கிலோவுக்குள் வரும். சுங்க அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, ஆதார் காட்டித் தலைமைத் தபால் நிலையத்தில் கொடுங்கள். இந்தச் சின்னப் பொட்டலம் போய்ச் சேருகிற விதத்திலேயே அந்தப் பக்கத்து ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். சுங்கத்தில் எத்தனை நாள் நின்றது, காசு கேட்டார்களா, தொப்பி அளவு சரியா — எல்லாத்துக்கும் பதில் கிடைத்த பிறகு பெரிய பெட்டி.

நிறைய இருந்தால் தூத்துக்குடி வழியாக எல்சிஎல், அதாவது பலர் சரக்கோடு ஒரே கண்டெய்னரில் பங்கு. இதில் ஒரு பொறி உண்டு. கடல் வாடகை கொஞ்சம்தான் வரும். அந்தப் பக்கம் இறக்கும் கூலி, சரக்கை விடுவிக்கும் டிஓ சார்ஜ், கிடங்கு வாடகை எல்லாம் சேர்ந்தால் பல நேரம் அதைவிடப் பெரிசு. ஷிப்பிங் ஏஜெண்டிடம் இரண்டு பக்கத்துச் செலவுக்கும் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அந்தச் செலவை யார் கட்டுவது என்று ஏற்புக் கடிதத்தோடேயே பேசி முடியுங்கள். நம் செலவு என்றே வைத்துக்கொள்வது முறை. உங்கள் கம்பெனியோ தெரிந்த கம்பெனியோ ஏற்கெனவே கொழும்புக்குச் சரக்கு அனுப்புகிறது என்றால், அதே ஏஜெண்டைப் பிடிப்பது பாதிச் சுமையைக் குறைக்கும்.

யாராவது ஊருக்குப் போகிறார்கள், பையில் போட்டுவிடலாம் என்பதும் நடக்கிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது, மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் தொப்பி என்றால் சரி, நிறைய என்றால் வியாபாரச் சரக்கு என்று நிறுத்தக்கூடும். எடுத்துப்போகிறவர் கண் முன்னால் பையைக் கட்டுங்கள், ஏற்புக் கடிதத்தின் நகலைக் கையில் கொடுங்கள். ஒட்டிய பெட்டியை யார் கையிலும் திணிக்கக் கூடாது.

9. காசுக் கணக்கு

துணி இலவசம், கூலி இலவசம். செலவெல்லாம் நூல், பை, பெட்டி, வாடகை, அந்தப் பக்கத்துக் கட்டணம். கல்யாண வீட்டு மொய் நோட்டுப் போல ஒரு நோட்டுப் போட்டு, கொடுத்தவர் பெயர், தொகை, செலவு எல்லாவற்றையும் எழுதி மெஸ் சுவரில் மாதம் ஒருமுறை ஒட்டுங்கள். பத்து ரூபாய் கொடுத்தவரும் ஆயிரம் கொடுத்தவரும் ஒரே எழுத்தளவில். மீதி வந்தால் அடுத்த முறைக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கேள்வி வராது.

வாடகை, கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்தபின் ஒரு தொப்பிக்கு ஆகும் செலவு, அதே தொப்பியை அங்கே தைத்து வாங்குவதைவிட அதிகமாக வந்தால் அனுப்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம். மலையகத்திலேயே தையல் பயிற்சி நிலையம் நடத்துகிறவர்களுக்கு உங்கள் பேட்டர்ன் அட்டையை அனுப்பலாம், ஒரு உறையில் போய்விடும்.

10. போய்ச் சேர்ந்த பிறகு

எத்தனை வந்தது, எத்தனை பயன்பட்டது என்று ஒரு ரசீது கேளுங்கள். குழந்தையின் போட்டோ கேட்காதீர்கள். நம் ஊரில் பேனர் பிடித்து நிற்காமல் தண்ணீர்ப் பந்தல்கூடத் திறப்பதில்லை, ஆனால் பிரசவ வார்டில் களைத்துப் படுத்திருக்கும் ஒரு தாயிடம் கம்பெனி பெயர் தெரியும்படிப் படம் எடுக்கச் சொல்வது அநியாயம். அலமாரியில் அடுக்கிய தொப்பிகளின் படம் போதும்.

மூன்று மாதம் கழித்து அந்த நர்ஸிடம் இரண்டே கேள்வி: பத்துப் பதினைந்து முறை ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போன பிறகு துணியின் இழுவை குறையாமல் இருக்கிறதா? எந்த நிறம் முதலில் தீர்ந்தது? பதிலைக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுங்கள். மஞ்சள் முதலில் தீர்ந்திருந்தால் அடுத்த லாட்டில் 27க்கு 17 அளவைக் கூட்டி வெட்டுவார்.